மூணாவது கிராஸுக்கு உன் பெயர்

என் பாக்கியம் அக்காவுக்கு,

ஒரு வாரமாக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

நம்ம ஜீவனஹள்ளி மூணாவது கிராஸ் தெருவுக்கு உன் பெயரை வைக்கச் சொல்லி கார்ப்பரேஷனில் மனு கொடுத்தோம். நீ பிரசவம் பார்த்துக் கையில் ஏந்திய பிள்ளைகள்தான் முதலில் கிளம்பினார்கள். எல்லோருக்கும் மீசை முளைத்துவிட்டது, அக்கா.

மில்லுக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு நான் போனேன். குமாஸ்தா கன்னடத்தில் விதியை நிதானமாகச் சொன்னார். இறந்து சில வருஷமாவது ஆகியிருக்க வேண்டும், ஆகிவிட்டது. பாதிக்கு மேற்பட்ட வீடுகளின் சொந்தக்காரர்கள் கையெழுத்துப் போட வேண்டும். வாடகைக்குக் குடியிருப்பவர்கள் போட்டால் செல்லாது. நாங்கள் வாங்கியிருந்ததெல்லாம் குடியிருப்பவர்கள் கையெழுத்து!

பதினாலு வீட்டில் ஒன்பது, நம்மிடம் வாடகை வாங்கும் வீட்டுக்காரருடையது. அவர் சம்சாரம் சரோஜாம்மா இரண்டு நாள் இடுப்புவலியில் துடித்தபோது, ஆஸ்பத்திரி வேண்டாம் என்று வாசலை மறித்தாரே, அவரேதான். அவரை விலக்கிவிட்டு நீ ஜட்காவில் அவளை ஏற்றிக்கொண்டு போனதைத் தெருவே பார்த்தது. அவர் மறக்கவில்லை. கையெழுத்துக் கேட்டுப் போன என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"செத்த பிறகும் என் வாசலுக்கு வராளா அவ?" என்றார்.

மறுபடி ஆபீசுக்கு நடந்தேன். குமாஸ்தா வீட்டுவரி ரிஜிஸ்டரைப் புரட்டினார். ஒன்பது வீடும் சரோஜாம்மா பெயரில் இருந்தன. அவள் அப்பா கொடுத்த சீதனமாம்.

வெள்ளிக்கிழமை கோயிலில் அவளைப் பிடித்துக் கையெழுத்துக் கேட்டேன். வீட்டில் சண்டை வரும், யோசித்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன்.

"அன்னிக்கு என்னை யாரும் ஒரு வார்த்தை கேக்கல. உங்க அக்கா ஒருத்திதான் 'போலாமா'ன்னு கேட்டாங்க. எங்க போடணும், காட்டுங்க" என்றாள்.

தீர்மானம் நிறைவேறியது. மரியாதைப் பெயர்தானாம்; வரி ரசீதில் மூணாவது கிராஸ் என்றே இருக்குமாம். போகட்டும். போன வாரம் பலகை மாட்டினார்கள். தெருவே கூடி நின்றது. சரோஜாம்மா மட்டும் வரவில்லை. மாடி ஜன்னல் சாத்தியிருந்தது. இந்த வெள்ளிக்கிழமை கோயிலிலும் அவளைக் காணோம். வீட்டுக்காரர் அவளை வெளியே விடுவதில்லை என்று அவர்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள் சொன்னாள்.

உன் பெயருக்காக அவளை மாட்டிவிட்டேனா? நீயாக இருந்தால் அந்தக் கையெழுத்தைக் கேட்டிருப்பாயா?

நாளைக் காலையில் அந்தக் கதவைத் தட்டப்போகிறேன். அவரே வந்து திறந்தாலும் நகரமாட்டேன். எப்படி இருக்கிறாள் என்று சரோஜாம்மா வாயாலேயே கேட்காமல் திரும்பமாட்டேன், அக்கா.

உன் கூடப் பிறந்தவள்,
செல்வி