தோற்றவனுக்கு வைத்த பெயர்

தம்பி சிவக்குமாருக்கு,

நேற்று கூடத்தில் நீ, உமா, உன் மாமனார், பிள்ளைகள் இருவர், நான், எல்லோரும் இருந்தோம். கேரம் ஆட்டத்தில் தோற்று அழுத மணிவேலிடம், "பொட்டச்சி மாதிரி அழுவாதடா" என்றாய். உன் மாமனார் சிரித்தார். இளவேனில் எழுந்துபோனதை நீ பார்க்கவில்லை.

காலையில் கபடி அணித் தேர்வுக்குப் போகமாட்டேன் என்று படுத்துக்கொண்டாள். "பொட்டச்சின்னா தோக்குறவதானே அத்தை? அப்பாவே சொல்றாங்க."

நம் வீட்டுப் பெண்ணுக்கு நம் வீட்டிலேயே தலைகுனிவா? எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பேசி எழுப்பிவிட்டேன். தேர்வு நடக்கும் காரைக்காலுக்கு அவளை அழைத்துப் போகிறேன்.

குழம்பைச் சூடு பண்ணிக்கொள். சிலிண்டர் வந்தால் வாங்கி வை.

அக்கா

பி.கு.: மகனிடமும் இனி அந்தச் சொல் வேண்டாம்.

இன்னொன்று. இளவேனில் பயந்து விலகிவிட்டாள் என்று அதற்குள் எதிர்வீட்டில் பேச்சு. அது பொய். அவள் ஆடப் போயிருக்கிறாள்.