ஏழாம் அத்தியாயம்: தாயங்கள்

தெல்லிப்பழை
9.8.1976

நேசமலருக்கு,

நான் சுகம். நீரும் சுகமாயிருப்பீர் என்று நம்புகிறேன்.

என் கணிதப் புத்தகத்தின் ஏழாம் அத்தியாயத்துக்கு முதல் புரூப் வந்தது. திருத்திய தாள்களை இத்துடன் அனுப்புகிறேன். சிவப்பு மை கூடிவிட்டது, குறை நினைக்க வேண்டாம். முதல் ஆறு அத்தியாயங்களிலும் பிழையை நான் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. இதில் பிழை என்னைத் தேடி வருகிறது.

தாயம் என்றால் எண்களை நிரையாகவும் நிரலாகவும் அடுக்கிய ஒரு கட்டம். இரு பக்கமும் பெரிய அடைப்புக்குறி வரவேண்டும் என்று கையெழுத்துப் படியில் வரைந்திருந்தேன். நீர் அதற்குப் பதிலாக இரு பக்கமும் நேர்கோடு போட்டிருக்கிறீர். பார்வைக்கு வித்தியாசம் பெரிதல்ல, கணிதத்தில் மிகப் பெரிது. அடைப்புக்குறிக்குள் இருந்தால் அது கட்டம். நேர்கோடுகளுக்குள் இருந்தால் துணிகோவை. அதாவது முழுக் கட்டத்தையும் பெருக்கிக் கழித்து ஒரே ஓர் எண்ணாக்கு என்று அர்த்தம். இப்படியே அச்சானால் இதைப் படிக்கும் பிள்ளைகள் சோதனையில் முட்டைதான் வாங்குவார்கள்.

மற்ற விஷயம். சாம்பியாவிலிருந்து ஆசிரியர் வேலைக் கடிதம் வந்துவிட்டது. ஜனவரியில் அங்கே பாடசாலை தொடங்குகிறது. மனைவியும் வருகிறாரா என்று ஒக்டோபர் முடிவதற்குள் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் வீடும் பயணச்சீட்டும் தருவார்களாம். இரண்டு வருடமாக நீர் சாவகச்சேரியில், நான் இங்கே. அச்சகத்தை விற்றுவிட்டு என்னோடு வருவீரா? பதில் எழுதும்.

இப்படிக்கு,
தேவராஜா


சீயோன் அச்சகம்
சாவகச்சேரி
14.8.1976

அன்புள்ள அத்தான்,

ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே மெசினும் நானும் ஓடிக்கொண்டிருக்கிறோம்.

உங்களிடமிருந்து வந்தது கடிதமா, புள்ளி போட்ட விடைத்தாளா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். புரூப்பைப் பார்த்த நாகலிங்கம் அண்ணை, "பிள்ளை, உது மாஸ்ரர் கோவத்திலை கீறினதோ, இல்லாட்டி மைப்போத்தல் சரிஞ்சு போச்சோ?" என்று கேட்டார். மெசின் மிதிக்கிறவருக்கே அப்படித் தெரிந்திருக்கிறது. ஆறு அத்தியாயம் பிழையில்லாமல் அச்சுக் கோத்தவளுக்கு ஒரு நல்ல வார்த்தை எழுதினால் உங்கள் பேனா தேய்ந்துவிடாது.

நேர்கோடு ஏன் வந்தது என்று கேளுங்கள். அப்பா வைத்துவிட்டுப் போன எழுத்துப் பெட்டிகளில் மூன்று வரி உயரத்துக்கு அடைப்புக்குறி கிடையாது. அவர் அச்சடித்ததெல்லாம் ஞானப்பாட்டும் கல்யாண அழைப்பும் மரண அறிவித்தலும். புதிதாக இறக்குவிக்கவும் இப்போது வழியில்லை. அதனால் மரண அறிவித்தலைச் சுற்றிப் போடும் பித்தளைக் கோட்டைத் துண்டாக்கி இரண்டு பக்கமும் நிறுத்தினேன். வடிவாகத்தான் இருந்தது. அதற்கு இப்படியொரு அர்த்தம் இருக்குமென்று யார் கண்டது? உங்கள் தாயங்களுக்கெல்லாம் நானே கறுப்புக்கரை கட்டியிருக்கிறேன்!

இப்போது பக்கத்து நகைக்கடைப் பத்தரைக் கொண்டு அதே பித்தளையில் சின்னத் துண்டுகள் வெட்டுவித்தேன். கோட்டின் மேலேயும் கீழேயும் உட்பக்கமாக ஒவ்வொன்று வைத்தால் சதுர அடைப்புக்குறி ஆகிறது. மாதிரி அனுப்புகிறேன். வளைவுதான் வேண்டும் என்றால் என்னால் முடியாது.

மற்ற விஷயத்துக்குப் பிறகு எழுதுகிறேன்.

உங்கள் நேசம்


தெல்லிப்பழை
2.9.1976

நேசமலருக்கு,

சதுர அடைப்புக்குறி சரி. கணிதத்தில் அதுவும் வழக்கம்தான். நல்ல வார்த்தை கேட்டிருந்தீர்: கெட்டிக்காரத்தனமான வேலை.

இனி இடைவெளி. புரூப்பை என் வகுப்புக்குக் கொண்டுபோய், தாயத்தின் முதல் நிரையை வாசிக்கச் சொன்னேன். அதில் 3, அடுத்து −1. பத்மாசினி என்ற பிள்ளை எழும்பி, "சேர், மூண்டிலையிருந்து ஒண்டு போனால் ரெண்டு. இதிலை ஒரு நிரல்தானே இருக்கு?" என்றாள். வகுப்பே சிரித்தது, நான் சிரிக்கவில்லை. அவள் வாசித்தது சரி. நீர் இரண்டு எண்களையும் அவ்வளவு நெருக்கி வைத்திருக்கிறீர். கீழ்நிரையிலோ 2x + 3 என்ற ஒரே உறுப்பு மூன்று துண்டாகப் பிரிந்து நிற்கிறது. சேர்ந்து நிற்க வேண்டியது பிரிந்தும், பிரிந்து நிற்க வேண்டியது சேர்ந்தும் இருக்கின்றன.

இன்னொன்று: கழித்தல் குறி வரும் இடங்களில் எண் வலப்பக்கம் தள்ளிப்போகிறது. குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு நிரலின் இலக்கங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்க வேண்டும்.

கொடிகாமத்துத் தம்பிஐயா முதலாளி இங்கே வந்திருந்தார். அச்சகக் கட்டடத்தை வாங்க விருப்பமாம். உம்மோடு கதைக்கும்படி சொல்லியிருக்கிறேன். நீர் இன்னும் பதில் எழுதவில்லை. பயப்பட ஒன்றுமில்லை. அங்கே வீடு கூட்ட, சமைக்க ஆட்கள் இருப்பார்களாம். நீர் ஒன்றும் செய்யத் தேவையில்லை.

இப்படிக்கு,
தேவராஜா


சாவகச்சேரி
8.9.1976

அத்தான்,

முதலில் வேலை. ஈய எழுத்தில் இலக்கங்களெல்லாம் ஒரே அகலம், கழித்தல் குறிதான் தனி அகலம். அந்தக் குறியின் அகலத்துக்கு எழுத்தில்லாத வெற்று ஈயம் வெட்டி, குறி இல்லாத எண்களுக்கு முன்னால் வைத்தேன். இப்போது இலக்கங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. நிரலுக்கும் நிரலுக்கும் நடுவே பெரிய வெற்றுச் சதுரம் இரண்டு. 2x + 3 இன் நடுவே மயிரிழை போன்ற தகடு மட்டும். பத்மாசினியிடம் திரும்பவும் காட்டுங்கள். அந்தப் பிள்ளையை எனக்குப் பிடித்துவிட்டது.

இனி என் கோபம். தம்பிஐயா வந்தார். உள்ளே வந்து கூரையைப் பார்த்தார், சுவரைத் தட்டினார், மெசினைப் பார்க்கவேயில்லை. "மாஸ்ரர் எல்லாம் சொன்னவர் தங்கச்சி. எனக்குக் கட்டடம் மட்டும் காணும், வெங்காயம் அடுக்கலாம். உந்த ஈயத்தை நிறுத்து வித்துப்போடும்" என்றார். "ஆர் விக்கிறது?" என்று கேட்டேன். "உம்மடை அவர்தானே கதைச்சவர்" என்றார். நாகலிங்கம் அண்ணை மிதிப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அன்று முழுக்க நான் எந்த எழுத்தையும் சரியான பெட்டியில் போடவில்லை.

என் அப்பாவின் அச்சகத்தைப் பற்றி என்னிடம் கேட்காமல் ஊரானோடு கதைத்தீர்களே, அது எனக்கு நோகாது என்று நினைத்தீர்களா?

ஒன்றும் செய்யத் தேவையில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். நான் ஒன்றும் செய்யாமல் இருந்ததை நீங்கள் எப்போதாவது கண்டிருக்கிறீர்களா? வரமாட்டேன் என்று நான் சொல்லவில்லை, அத்தான். உங்களைவிட்டு இருப்பது எனக்கும் இனிப்பாக இல்லை. அங்கே நான் யாராக இருப்பேன் என்று மட்டும் சொல்லுங்கள்.

நேசம்


தெல்லிப்பழை
1.10.1976

அன்புள்ள நேசம்,

முன்னைய கடிதங்களில் உம்மை இப்படி அழைக்கவில்லை என்பதை இன்றுதான் கவனித்தேன்.

தாயப் பக்கங்கள் வந்தன. திருத்த ஒன்றுமில்லை. சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். இலண்டனில் அச்சான என் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், நம்முடையது குறைவில்லை. பத்மாசினி முதல் நிரையைத் தயங்காமல் வாசித்தாள். மற்ற ஆசிரியர்களும் வாங்கிப் பார்த்தார்கள்.

தம்பிஐயாவோடு உம்மைக் கேளாமல் கதைத்தது பிழை. இனி வரவேண்டாம் என்று அவருக்குச் சொல்லிவிட்டேன். அங்கே ஏற்கனவே போயிருக்கும் நண்பருக்கும் எழுதிக் கேட்டேன். அந்த ஊரில் மிஷன் அச்சகம் ஒன்று இருக்கிறதாம், ஆட்கள் தேவையாம். தமிழ் எழுத்து இராது. கணிதத்துக்குத் தமிழா இங்கிலீசா? நீர் நினைத்தால் செய்வீர்.

முகவுரையும் எழுதி முடித்துவிட்டேன், இத்துடன் இருக்கிறது. அதைக் கோத்தால் புத்தகம் முடிந்துவிடும். மாதமுடிவுக்கு முன் உம்முடைய பதிலும் வந்தால் எனக்குப் பெரிய ஆறுதல்.

அன்புடன்,
தேவராஜா


சாவகச்சேரி
12.10.1976

அன்புள்ள அத்தான்,

உங்கள் கடிதத்தைப் படித்துச் சந்தோஷப்பட்டேன். அதை மறைக்கவில்லை. அன்று பின்னேரம் நாகலிங்கம் அண்ணைக்கு மிக்சரும் பிளேன்ரீயும் வாங்கிக் கொடுத்தேன். காரணம் கேட்டார், சொல்லவில்லை.

முகவுரையை நானே கோத்தேன். அச்சுக்கோக்கிறவர்கள் படித்துவிட்டுக் கோப்பதில்லை. எழுத்தெழுத்தாக எடுத்து வைக்கும்போதுதான் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியவரும். நன்றி சொல்லும் இடம் வந்தது. பாடசாலை அதிபர் வந்தார். கையெழுத்துப் படியைப் பார்வையிட்ட ஆசிரியர் வந்தார். வகுப்பு மாணவர்கள் வந்தார்கள். கடதாசித் தட்டுப்பாட்டு நாளில் கடதாசி எடுத்துத் தந்தார் என்று தம்பிஐயா முதலாளியும் வந்தார். அடுத்த வரியில் வரும், அடுத்த வரியில் வரும் என்று கோத்துக்கொண்டே போனேன். உங்கள் கையெழுத்தும் திகதியும்தான் வந்தன.

நானாகச் சேர்ப்பதென்றால் ஒரு நிமிட வேலை. சேர்க்கவில்லை. மறதியா, வேண்டுமென்றுதானா என்று எழுதுங்கள். மறதி என்றால் சிரித்துவிட்டுச் சேர்த்துவிடுவேன். அதுவரை அந்தப் பக்கத்தை மெசினில் ஏற்றமாட்டேன்.

உங்கள் நேசம்


தெல்லிப்பழை
19.10.1976

அன்புள்ள நேசம்,

உமக்குப் பொய் எழுத எனக்குத் தெரியாது. மறதியல்ல.

உம்முடைய பெயரை எழுதி, பிறகு வெட்டினேன். நாம் இரண்டு வருடமாகப் பிரிந்திருப்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். அச்சில் உமக்கு நன்றி சொன்னால், "மாஸ்ரர் மனிசியைக் கூப்பிடப் புத்தகம் எழுதியிருக்கிறார்" என்று ஆசிரியர் அறையில் கதைப்பார்கள். அதோடு, சொந்த மனைவிக்கு யாராவது முகவுரையில் நன்றி சொல்வார்களா? உமக்கு நான் சொல்லித்தானா தெரிய வேண்டும்? வேண்டுமென்றால், "அழகுற அச்சிட்டு உதவிய சீயோன் அச்சகத்தாருக்கும்" என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளும். அது பொதுவாக இருக்கும், ஒருவரும் ஒன்றும் சொல்லமுடியாது.

சின்ன விஷயத்தைப் பெரிதாக்க வேண்டாம். சாம்பியாவுக்குப் பதில் எழுத இன்னும் சில நாட்களே இருக்கின்றன. நீர் வருவதாகவே எழுதட்டுமா?

அன்புடன்,
தேவராஜா


சாவகச்சேரி
25.10.1976

அன்புள்ள அத்தான்,

புத்தகம் முடிந்தது. கட்டுகளை நாகலிங்கம் அண்ணை வெள்ளிக்கிழமை பஸ்ஸில் கொண்டுவந்து தருவார். அவருக்குச் சாப்பாடு கொடுத்து அனுப்புங்கள். ஏழாம் அத்தியாயத்தை முதலில் திறந்து பாருங்கள். நான் செய்த வேலைகளிலேயே அதுதான் நல்லது.

முகவுரையில் நீங்கள் எழுதியதுதான் இருக்கிறது. அச்சகத்தார் என்ற வரியைச் சேர்க்கவில்லை. அச்சகத்தார் என்று இங்கே ஒருவரும் இல்லை. நாகலிங்கம் அண்ணையும் நானும்தான் இருக்கிறோம்.

உங்கள் மேல் எனக்கு இப்போது கோபமில்லை. கவலைதான். உண்மையைச் சொன்னால், ஒக்டோபர் முதலாம் திகதி எழுதிய கடிதம் வந்த மறுநாளே பட்டணத்துக்குப் போய்ப் பாஸ்போட்டுக்குப் படம் எடுத்தேன். நல்ல சேலை கட்டிக்கொண்டு போனேன். உங்களோடு எந்த ஊருக்கும் வருவேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஆசிரியர் அறைக்குப் பயந்து என் பெயரை வெட்டிய மனிதர், கடல் கடந்தும் ஒவ்வொரு அறைக்கும் பயந்து என்னை வெட்டிக்கொண்டேயிருப்பார். அந்தப் பயத்தோடு என்னால் குடித்தனம் நடத்த முடியாது.

நான் வரவில்லை. தனியாகப் போகிறீர்கள் என்றே அவர்களுக்கு எழுதுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு நல்லது நடக்க வேண்டுமென்று ஞாயிறுதோறும் ஆண்டவரிடம் கேட்பேன், அதில் குறைவிருக்காது.

புத்தகம் அச்சிட்டவரின் பெயரைக் கடைசிப் பக்கத்தின் அடியில் போடவேண்டும் என்பது சட்டம். கல்யாணம் முடிந்த நாளிலிருந்து அங்கே உங்கள் பெயரோடு சேர்த்துத்தான் என் பெயரைக் கோத்துவந்தேன். இந்தப் புத்தகத்தில் என் அப்பாவின் பெயரோடு கோத்திருக்கிறேன். அங்கே பார்த்துத் திடுக்கிட வேண்டாமென்றுதான் முன்கூட்டியே எழுதுகிறேன்.

இப்படிக்கு,
நேசமலர் செபநாயகம்