பழசைக் காட்டு

இன்று காலை புதுப் பேரிங் பெட்டி ஒன்றைப் பிரித்தேன். எண்ணெய்த் தாள் வாடை குப்பென்று ஏறியதும் உன் நினைப்புதான். செத்த பிறகும் என் கடைக்கு முதல் ஆளாய் வந்து நிற்கிறாய்.

ஒரகடம் ரோட்டில் எதிரெதிர் கடை நமக்கு. ஒரே சரக்கு, ஒரே விலை. ஆனாலும் கம்பெனி மெயின்டனன்ஸ் ஆட்கள் பைக்கை உன் வாசலில்தான் நிறுத்துவார்கள். உன்னிடம் இல்லையென்றால்தான் ரோட்டைத் தாண்டுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அது தெரிந்தே என்னை டீக்குக் கூப்பிடுவாய்.

தேய்ந்த பேரிங்கைக் கையில் வாங்கிச் சுற்றிப் பார்க்காமல் நீ புதுசு கொடுத்ததில்லை. நானும் பழசைக் கேட்பேன், அளவு தெரிவதற்கு. நீ ஆளைத் தெரிந்துகொள்ளக் கேட்டாய்.

அன்றைக்கும் உன் கடையில்தான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டுக்கு அனுப்பவேண்டும், லோடு லோடாக வேண்டும் என்று ஒரு புரோக்கர் வந்தான்.

“பழசைக் காட்டு.”

“புது மெஷினுக்கு சார். பழசுக்கு எங்க போறது?”

“இன்னா மெஷின்?”

“அதெல்லாம் இன்னாத்துக்கு சார்? சரக்கைக் குடு, துட்டை வாங்கிக்கோ.”

“எதுல சுத்தப் போவுதுன்னு தெரியாம குடுக்கறதில்ல. கெளம்பு.”

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். “பைத்தியமாய்யா நீ? என்கிட்டயாவது தள்ளி வுடக் கூடாதா?” என்றேன்.

“நீ மாட்டிக்கினா நான் யார்கூட டீ குடிக்கறது?” என்று சிரித்தாய்.

அவன் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஒரு பேரிங் கடைக்காரனைப் பிடித்துக்கொண்டான். நீ ஆர்டரை விட்டதில் எனக்கு வருத்தமில்லை. விடுவதற்குக்கூட அது உன்னைத் தேடித்தானே வந்தது!

நீ போன பிறகு சேதி வந்தது. எங்கோ நடக்கிற சண்டைக்குச் சாமான் சேர்க்கிறவர்களின் சொத்தையெல்லாம் ஒரு வெளிநாட்டு அரசாங்கம் முடக்கியது. அந்த புரோக்கரிடம் சரக்கு வாங்கிய பார்ட்டியும் அதில் ஒருத்தன். நம் பக்கத்து பேரிங், ஆயுதம் செய்யும் மெஷினில் சுற்றியிருக்கிறது. இருங்காட்டுக்கோட்டைக்காரனுக்கு வரவேண்டிய பணம் நடுவழியில் நின்றது. பேங்க் அவனையே துருவ ஆரம்பித்தது.

“அண்ணன் அப்பவே மோப்பம் புட்ச்சிட்டாரு” என்று ரோடு முழுக்க உன் பேச்சு. உயிரோடு இருந்தபோதாவது சாயங்காலம் கடையை மூடுவாய், இப்போது அதுவும் இல்லை.

போன வாரம் வேறொரு புரோக்கர் வந்தான். அதே மாதிரி பெரிய ஆர்டர். உன் கடையைத் தேடி வந்தவனில்லை, நேராக என்னிடம். இத்தனை வருஷம் நான் ஏங்கிய ஆர்டர். அது கிடைத்தால் பிள்ளைப்பாக்கத்தில் இடம் வாங்கி குடோன் போட்டுவிடலாம். நீ எட்டாத உயரம். சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“பழசைக் காட்டு” என்று வந்துவிட்டது.

அவனும் புது மெஷினுக்கு என்றான். என்ன மெஷின் என்று கேட்டதும் பையை எடுத்துக்கொண்டான். போய்விட்டான்.

டீ கொடுக்க வந்து பார்த்துக்கொண்டிருந்த டீக்கடைக்காரர் சொன்னார்: “அப்படியே அவரு மாதிரியே கேட்டீங்கண்ணே!”

குடோனை விட்டவன் நான். பேர் உனக்கு.

எதிரே மூடிக்கிடக்கும் உன் ஷட்டரில் யார் யாரோ ரூம் வாடகை நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். கடையை மூடிவிட்டுப் போனாய் என்றுதான் நினைத்திருந்தேன். அதை என் வாயில் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாய்.