எந்த முள் என்று கேட்காதவனுக்கு

தலைமன்னார்
பங்குனி 14

மகன் றெனால்டுக்கு,

நீ சுகமாக இருப்பாய். அதற்கு வேண்டிய தூரத்தில்தான் இருக்கிறாய். அம்மாவும் நானும் உயிரோடு இருக்கிறோம். உன் தம்பி சுகந்தன் நேற்று யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்துவிட்டான். ஸ்கான் படங்களை அனுப்பும்படி மூன்று தடவை எழுதியிருக்கிறாய். அனுப்பமாட்டேன். அவற்றில் இருப்பதை நானே எழுதுகிறேன், வாசித்துக்கொள்.

அன்று வலையில் ஏறிய திருக்கையின் மேல் அவன் படகுக்குள் வழுக்கி மல்லாந்து விழுந்தான். அதன் வால் முள் இடுப்புக்குச் சற்று மேலே, நடுமுதுகில் இறங்கிவிட்டது. கூடப்போன நிப்ராஸ் அவனைக் குப்புறக் கிடத்திக் கரைசேர்த்து, "புடுங்காதேங்கோ மாஸ்ரர், அப்பிடியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவம்" என்று என்னிடம் கெஞ்சினான். அம்மாவோ வைத்தியனான உன்னைப் போனில் அழைத்து, தம்பிக்கு முதுகிலே முள்ளுக் குத்திப்போட்டுது என்றாள். நீ ஏதோ கூட்டத்தில் இருந்தாய். "முள்ளுத்தானே அம்மா, இழுத்தெடுத்திட்டுச் சுடுதண்ணி ஒத்தடம் குடுங்கோ, பிறகு போன் எடுக்கிறன்" என்று வைத்துவிட்டாய். இந்தக் கரையில் பிறந்தவன் எந்த முள் என்று கேட்டிருப்பான். உனக்கு இப்போது முள் என்றால் வேலியில் இருப்பது. நிப்ராஸ் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன், நீ வைத்தியன். ஆகவே உன் சொல்லைக் கேட்டோம். இழுத்தவன் நான். எனக்கும் புத்தி இருந்திருக்கவேண்டும். அதைச் சாகும்வரை சுமப்பேன். அந்த முள்ளின் பற்கள் பின்நோக்கி இருக்கும். தசையைக் கிழித்துக்கொண்டு பாதிதான் வந்தது.

மிகுதி முள்ளந்தண்டுக்குள், நரம்புகளை மூடிய சவ்வைத் துளைத்து நின்றதை ஸ்கான் காட்டியது. குத்தி நிற்பதை வெளியில் அசைக்கவே கூடாதாம்; எலும்பைத் திறந்து, கண்ணால் பார்த்துத்தான் எடுக்கவேண்டுமாம். ஐந்து மணித்தியாலம் எடுத்தார்கள். கிருமி ஏறாதிருக்க மூன்று கிழமை ஊசிமருந்து. இடக்கால் தேறிவிட்டது. வலப்பாதத்தை அவனால் தூக்க முடியவில்லை. சத்திரசிகிச்சை நிபுணர், "இழுக்காமல் கொண்டுவந்திருந்தால்" என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் சுகந்தன், "அண்ணா போனில சொன்னபடியாத்தான் தப்பினன்" என்கிறான். நீ என்ன சொன்னாய் என்று அவனுக்குத் தெரியாது. அம்மா எழுந்து குசினிக்குப் போய்விடுகிறாள். நான் என் பங்கை நேற்றிரவே அவனிடம் சொல்லிவிட்டேன். உன் பங்கைச் சொல்லவில்லை. அதைப் போனில் சொல்ல உனக்கு அனுமதியில்லை. வந்து, அவன் கதிரைக்கு முன்னால் இருந்து சொல். பிறகு படங்களைக் காட்டுகிறேன்.

மடு மாதாவிடம் அம்மா உனக்காகவும் மன்றாடுகிறாள். என் ஆசீர் வேண்டுமானால் அதையும் நேரில்தான் பெறவேண்டும். வரும் திகதியை எழுது, வேறொன்றும் எழுதாதே.

அப்பா
ம. சந்தியோகு