ஜெனியின் முதல் பாவசங்கீர்த்தனம்

என் செல்ல அக்கா ஆரோக்கியத்துக்கு,

எப்படி இருக்கே என்று கேட்க வாய் வருகிறது. கேட்டால் சிரிப்பாய். நீ போன பிறகு இது இரண்டாவது கோடை. விழுப்புரத்தில் வெயில் மண்டையைப் பிளக்கிறது. என் தையல் கடையில் மிஷினைத் தொட்டாலே சுடுகிறது. உன் மகள் ஜெனி என்னிடம்தான் இருக்கிறாள், நன்றாகச் சாப்பிடுகிறாள், வாய் மட்டும் உன்னைப் போலவே. மாமா கோயம்புத்தூர் வேலையிலிருந்து மாதம் ஒருமுறை வந்து மகளைப் பார்த்துவிட்டுப் போகிறார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் புதுநன்மை, முதல் தடவையாக நற்கருணை வாங்கப் போகிறாள். வெள்ளை கவுனை நானே தைத்தேன், கழுத்தில் லேஸ் வைத்து, கையில் கொஞ்சம் பஃப் வைத்து. நீ இருந்திருந்தால், இன்னாடி கல்யாணப் பொண்ணாட்டம் தச்சிக்கினு இருக்கே என்று ஓட்டியிருப்பாய். அதற்கு முன்னால் நாளைக்கு, சனிக்கிழமை, பிள்ளைகளுக்கெல்லாம் முதல் பாவசங்கீர்த்தனம், செய்த பாவத்தையெல்லாம் ஃபாதரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

முதலில் உன்னிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உன் பெட்டியை மூடுவதற்கு முன்னால் என் ஜெபமாலையைக் கழற்றி உன் கையில் சுற்றி வைத்தேனே, அதைப் பார்த்து எல்லாரும் அழுதார்கள். தன் மாலையையே அக்காவுக்குக் கொடுத்துவிட்டாள், என்ன பாசம் என்றார்கள். பாசம் இல்லை அக்கா. எனக்கு இனி இது வேண்டாம் என்றுதான் வைத்தேன். நீ திண்டிவனத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம், பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் அந்த மணிகளைத்தான் உருட்டிக்கொண்டிருந்தேன். தவக்காலம் முடிந்தும் உனக்காகக் கறி தொடவில்லை. இவ்வளவு கெஞ்சியும் உன்னைத் திருப்பிக் கொடுக்காத ஆண்டவரோடு இனி என்ன பேச்சு என்று ஆத்திரம். அந்த ஆத்திரத்தை உன் கையில் திணித்து, மண்ணைப் போட்டுவிட்டு வந்தேன்.

அதன் பிறகு நான் பூசைக்குப் போகவில்லை. ஜெனியைக் கோயில் வாசல் வரை கொண்டுபோய் விடுவேன், கடையில் வேலை இருக்கிறது என்று திரும்பிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் என்ன வேலை? ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு டீயோடு உட்கார்ந்திருப்பேன். கஷ்ட காலத்தில் விசுவாசம் ஆட்டம் காணும் என்று நாம் எத்தனை பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம். விட்ட பிறகு வருகிற சுகத்தைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. முழங்கால் போட வேண்டாம், எதையும் கேட்க வேண்டாம், கிடைக்கவில்லையே என்று ஏங்க வேண்டாம். எனக்கு அந்தச் சுகம் பிடித்துப்போயிற்று.

முந்தாநாள் சாயங்காலம் ஜெனி வந்து, நான்தான் ஃபாதராம், அவள் பாவசங்கீர்த்தனம் சொல்லிப் பழகப் போகிறாளாம். மிஷின் பக்கத்தில் முழங்கால் போட்டு, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் ரப்பரை எடுத்தாளாம், பக்கத்து வீட்டுப் பையனைக் கிள்ளினாளாம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"சித்தி பூசைக்கு வந்தாங்களான்னு கோயில் சிஸ்டர் வாராவாரம் கேக்குறாங்க. பின்னாடி பெஞ்சுல உக்காந்துகினு இருக்காங்கன்னு சொல்லிடுவேன்."

என் கால் மிதிப்பதை நிறுத்திவிட்டது. அவளே தொடர்ந்தாள்.

"இதையும் ஃபாதர்கிட்ட சொல்லணுமா சித்தி? சொன்னா உன்னக் காட்டிக்குடுத்தா மாதிரி ஆயிடுமே."

காட்டிக்கொடுப்பது என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும் அக்கா. பெரிய வெள்ளியன்று, ஆண்டவரைச் சீடனே காட்டிக்கொடுத்த பாடுகளை வாசிக்கும்போது அசையாமல் நின்று கேட்கிற பிள்ளை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதெல்லாம் வேணாம், விடு" என்றேன். அவளும் சரி சித்தி என்று தலையாட்டிவிட்டு, பாவத்துக்கு வருந்திச் சொல்லும் மனத்துயர் ஜெபத்தை ஒப்பிக்கப் போய்விட்டாள்.

பாவசங்கீர்த்தனத்தில் தெரிந்தே ஒன்றை மறைக்கக் கூடாது என்று நீயும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்துதானே படித்தோம்? இவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று, வேறு யாரும் வேண்டாம், நீயே ஞானத்தாயாக நில் என்று என் கையில் பிள்ளையைக் கொடுத்தாய். சாத்தானை விட்டுவிடுகிறீர்களா என்று ஃபாதர் கேட்டதற்கு, கோயிலே திரும்பிப் பார்க்கிற மாதிரி விட்டுவிடுகிறேன் என்று சொன்னேன். கடைசியில் நான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது பொய்யும், அந்தப் பொய்யை மறைப்பதும். அதையும் தனக்காகச் செய்யவில்லை அவள், எனக்காகச் செய்தாள். என்னை நினைத்தால் எனக்கே கூசுகிறது.

அவ்வளவு வலியில் நீ அவரிடம் கோபித்துக்கொள்ளவே இல்லையா அக்கா? கோபித்துக்கொண்டும் ஜெபம் செய்தாயா? உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் இதைக் கேட்காமல் விட்டேனே.

இன்று காலை கவுனைப் போட்டு அளவு பார்க்கும்போது, நான் அன்றைக்குச் சொன்னது தப்பு, ஒன்றையும் மறைக்காதே என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "அப்போ நீ?" என்று கேட்டாள். என் வாயில் குண்டூசி இருந்தது. அதைச் சாக்காக வைத்துக் கீழே குனிந்து விளிம்பை மடித்தேன்.

அந்தப் பதிலை உனக்குச் சொல்கிறேன். கோபம் போய்விட்டது என்று நடிக்க மாட்டேன், அது போகவில்லை. கோபத்தோடேயே போய் முழங்கால் போடுவேன். நாளைக்கு வரிசையில் ஜெனிக்கு முன்னால் நான் நிற்பேன். பின்பெஞ்சில் நான் ஒரு நாளும் இருந்ததில்லை, மறைக்கச் சொன்னதும் நான்தான் என்று என் வாயாலேயே சொல்லிவிடுவேன். எனக்குப் பின்னால் அவள் உள்ளே போகும்போது, காட்டிக்கொடுக்க அவளிடம் ஒன்றும் இருக்காது. இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் தங்கச்சி லூர்து,
ஜெனியின் ஞானத்தாய்