அவலூர்பேட்டையில் வாங்கிய பொட்டலம்

ஜினேந்திரர் துணை

செஞ்சி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஜினப்பிரியாவுக்கு அம்மா அனந்தமதி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீ வேளைக்குச் சாப்பிடு. போனில் பேசலாம் என்றால் உன் நைனா நாள் முழுக்கக் கூடத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அதனால்தான் கடிதம்.

அவர் புகையிலையை விட்டு இன்றோடு இருபத்தெட்டு நாள் ஆகியிருக்க வேண்டும். கன்னத்துக்குள் வெள்ளைப் படலம் இருக்கிறது, விடாவிட்டால் புற்றுநோயில் கொண்டுபோய் விடும் என்று பல் டாக்டர் சொன்னதும், மேல்சித்தாமூர் ஜைன மடத்துக்குப் போய் சுவாமிகள் முன்னால் விரதம் ஏற்றுக்கொண்டு வந்தார். விரதத்தைக் காத்தார், மற்றதையெல்லாம் விட்டுவிட்டார். வல்லத்து நிலத்தில் மல்லாட்டைப் பயிர் களை மண்டிக் கிடக்கிறது. சாயங்காலம் சோறு போட்டு வைத்தால், எழுந்து வர மனமில்லாமல் உட்கார்ந்தே இருப்பார். பொழுது சாய்ந்துவிடும். அப்புறம் நாம் சாப்பிடக் கூடாதே, வெறும் வயிற்றோடு படுத்துவிடுவார். கேட்டால், “எதுமேலயும் மனசு போவ மாட்டேங்குது” என்பார்.

நீ விளக்கித்தான் சொன்னாய். மூளையில் அசிடைல்கோலின் என்று ஒன்று, அதற்கான இடங்களில் புகையிலைச் சத்து போய் உட்கார்ந்துகொள்ளும், ஒன்றின்மேல் ஆசை வைத்து எழுந்து போவதில் அந்த இடங்களுக்கும் பங்கு உண்டு, முப்பது வருஷப் பழக்கத்தில் அவை பெருகிவிட்டன, அடங்க வாரக்கணக்கில் ஆகும், பொறுத்துக்கொள் என்றாய். உன் ஆராய்ச்சிக்கூடத்து எலிகளும் அந்தச் சத்தை நிறுத்தினால் தீனிக்காக மெனக்கெடாமல் சும்மா கிடக்கும் என்றாய். அந்த எலி வேலை எனக்கு ஒப்பாது, உனக்கே தெரியும். ஆனாலும் அதுகளை நினைத்து அழுதேன்.

எனக்குப் பொறுக்க முடியவில்லை பிரியா. செவ்வாயோடு மூன்று நாள் பட்டினியாகப் படுத்தார். மறுநாள், செஞ்சிக் கடையில் வாங்கினால் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள் என்று அவலூர்பேட்டைக்கு பஸ் ஏறிப் போய் ஒரு பொட்டலம் புகையிலை வாங்கி, அவருடைய பழைய வேலைச் சட்டைப் பையில் நான்தான் வைத்தேன்.

வியாழக்கிழமை காலையில் பொட்டலம் அவர் கையில் பட்டிருக்கிறது, அந்தச் சட்டையோடு நிலத்துக்குப் போனார். பாதிக் களை எடுத்துவிட்டு, பொழுதோடு வந்து, இரண்டாம் தரமும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பாவி, எனக்கு எவ்வளவு சந்தோஷம்! கை கழுவிவிட்டு வந்து ஓவென்று அழுதார். “எப்பவோ நானே வச்சி மறந்த பொட்டலம் போலக்குது. வெரதத்த முறிச்சிட்டேன் அனந்தா” என்றார். நான் எச்சில் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

பிராயச்சித்தமாக வெள்ளியிலிருந்து உபவாசம் இருக்கிறார், வெறும் வெந்நீர்தான். நானும் இருக்கிறேன். தனக்காகத்தான் நானும் இருக்கிறேன் என்று சிங்கவரத்தில் உன் அத்தையிடம் போனில் பெருமையாகச் சொல்கிறார். கேட்க முடியவில்லை.

ஒரு நாள் தவறியதால் பட்டபாடெல்லாம் வீணாகிவிடாது என்று அவரிடம் சொல். பொய்யாக இருந்தாலும் சொல். யார் வைத்தது என்று மட்டும் சொல்லிவிடாதே. இன்று காலை புகையிலை இல்லாமலே, தன்மேல் உள்ள கோபத்தில் தானாகவே எழுந்து குளித்தார், இத்தனை நாளில் இதுதான் முதல் தரம். அந்தக் கோபம் என்மேல் திரும்பினால் மறுபடியும் உட்கார்ந்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

நீ நன்றாக இரு. எனக்குத் தைரியம் வரும்போது நானே அவரிடம் சொல்லிவிடுகிறேன். அதுவரை இதை நீயும் கொஞ்சம் சுமந்துகொள் கண்ணு.

உன் அம்மா,
அனந்தமதி