கடைசிப் பாட்டுக்கு வைத்த முள்

அத்தான், உங்கள் மூக்குக்கண்ணாடிக் கூடு நேற்று என் வீட்டுக்கு வந்தது. திறந்தால் முள் துடைக்கும் ஸ்பிரிட் வாசனை. உள்ளே கண்ணாடி இல்லை. ரிக்கார்டு பிளேயரின் முள்ளைத் திருத்த நீங்கள் வைத்திருந்த சின்னத் திருப்புளியும், கோடு போட்ட அட்டையும் இருந்தன. கொண்டுவந்தவள் நீங்கள் இரண்டாவதாகக் கட்டியவள்.

"அவிய ஒங்ககிட்ட குடுக்கச் சொல்லியிருந்தாவ" என்றாள்.

"இத்தன நாள் இல்லாம இப்பம் என்னத்துக்கு?" என்றேன்.

என் புத்தி அப்படி. அக்கா படுத்த கட்டிலின் சூடு ஆறும் முன்னே நீங்கள் மறுகல்யாணம் செய்துகொண்டீர்கள். அன்றிலிருந்து நீங்கள் தும்மினாலும் அதில் ஒரு காரணம் தேடியவள் நான்.

அக்காவின் குரல் மிச்சமிருந்தது ஒரே இடத்தில். எங்கள் சபைப் பாடகர் குழு போட்ட கிறிஸ்துமஸ் இசைத்தட்டில், இரண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்டை அவள் தனியாகப் பாடியிருந்தாள். அவள் போன பிறகு ஒருநாள் அதைப் போட்டேன். மற்றப் பாட்டெல்லாம் நன்றாக இருக்க, அவள் குரல் மட்டும் பிசிறடித்தது. நீங்கள் பாய்ந்துவந்து முள்ளைத் தூக்கினீர்கள்.

"போடாத! கோணலா நிக்க முள்ளு கொரலச் சொரண்டி எடுத்திரும், கேட்டியா. தட்டுல நடுவப் பாத்து உள்ள போகப் போகத்தான் சதிக்கும்."

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்து, கிழக்கேகோட்டையில் பஸ் இறங்கி என் வீட்டுக்கு வருவீர்கள். முள் பதித்த தலையின் இரண்டு திருகாணிகளையும் தளர்த்தி, நகத்தால் மயிரிழை தள்ளி, இறுக்கி, அட்டையில் பார்ப்பீர்கள். பிறகு வேறு ஏதாவது பழைய தட்டைப் போடுவீர்கள். அதிலும் கடைசிப் பாட்டு மட்டும். தலையை ஆட்டிவிட்டு மறுபடி தளர்த்துவீர்கள். நான் அடுக்களையிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். ஒரு தட்டை முழுசாகக் கேட்கப் பொறுமையில்லாத மனுஷர் என்னத்தைச் சரிபார்க்கிறார்? அவள் குரல் இனிக் காதில் விழவே வேண்டாம் என்று நாள் கடத்துகிறாரோ? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே.

கடைசியில் ஒருநாள், "செரியாச்சு. இனி நீ போட்டுக் கேளு" என்றீர்கள்.

"அத்தானும் இருந்து கேக்கலாமே" என்று வேண்டுமென்றே குத்தினேன்.

"எனக்கு பஸ்சுக்கு நேரமாச்சு" என்று செருப்பை மாட்டினீர்கள்.

அந்தச் 'செரியாச்சு'வை நம்பி, உள்ள ஒரே தட்டை முள்ளுக்குக் கொடுப்பேனா? அலமாரியில் வைத்துப் பூட்டினேன். நீங்கள் கண்ணை மூடிய பிறகும் அது வெளியே வரவில்லை.

நேற்று வந்தவள் முன்னாலேயே உங்கள் அட்டையை வைத்துப் பார்த்தேன். அதில் இரண்டு குறிகள். ஒன்று தட்டின் வெளிப்பக்கத்துக்கு, மற்றது நடு லேபிளை ஒட்டி. இரண்டிலும் முள்ளின் தலை கோட்டுக்கு நேராக நின்றால்தான் சரி. வெளிக்குறியில் வைத்தேன். கண்ணுக்கே தெரிகிற கோணல்.

"பாத்தியா! நான் அப்பமே நெனச்சேன்!" என்று கத்திவிட்டேன். உட்குறியில் வைத்தேன். நூல் பிடித்த மாதிரி நேர்.

எனக்கு அப்போதும் பிடிபடவில்லை. அலமாரியைத் திறந்து தட்டை எடுத்துப் போட்டேன். முதல் பாட்டு கரகரத்தது. சட்டென்று முள்ளைத் தூக்கினேன். ஆனது ஆகட்டும் என்று கடைசிப் பாட்டில் வைத்தேன்.

அக்கா மூச்சு இழுப்பது கேட்டது. அப்புறம் குரல், ஒரு பிசிறு இல்லாமல். அத்தான், நீங்கள் தட்டு முழுவதற்குமாக முள் வைக்கவில்லை. அக்கா பாடுகிற அந்த ஒரு விரற்கடைக்காக மட்டும் வைத்திருக்கிறீர்கள். வாய்விட்டுச் சொன்னால்தான் என்ன? நான் அழுதேன்.

"இந்தப் பாட்டா?" என்றாள் வந்தவள். "தெனமும் சவரம் பண்ணும்போ இதத்தான் முணுமுணுப்பாவ. என்ன பாட்டுன்னு கேட்டா, ஒண்ணுமில்லம்பாவ."

அவள் முகத்தில் எரிச்சல் இருக்கிறதா என்று தேடினேன், பழக்கம் விடுமா? இல்லை. பாவம், அவளும் இத்தனை காலம் உங்களைச் சந்தேகப்பட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"இன்னொரு தடவ போடுவியளா?" என்றாள். அவளுக்கும் பஸ்சுக்கு நேரமாகியிருந்தது. எழுந்திருக்கவில்லை.

உங்கள்மேல் வேறு சந்தேகங்கள் என்னிடம் நிறைய உண்டு, அவற்றை விடுவதாக இல்லை. ஆனால் அந்த இரண்டு திருகாணிகளையும் இனி ஒருவரும் தொடக் கூடாது. மற்றப் பாட்டெல்லாம் கரகரத்தால் கரகரக்கட்டும்.